கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இலக்கியத் திறனாய்வில் ஆய்வு செய்பவள். 'என் வாழ்வில் உண்மையாகவே நிகழ்ந்தது' என்று தொடங்கும் எந்த எழுத்தையும் சந்தேகத்தோடு படிக்கப் பழகியவள். அப்படிப்பட்ட நானே இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காவின் இடது தோளில் பதினொரு தையல்கள் இருக்கின்றன. அவள் கழுத்தை அளந்து மருத்துவர் எழுதிய குறிப்பின் நகல், இதோ, என் மேசைமேல் இருக்கிறது.

இன்னொன்று. இருட்டு, நடுநிசி, அணைந்த விளக்கு என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வெளிச்சத்துக்காகவே உயரமான ஜன்னல்கள் வைத்துக் கட்டிய ஒரு கூடத்தில்.

பதினேழு வயது வரை நான் வரைந்துகொண்டிருந்தேன். பாடநூலின் ஓரங்களில், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில், குளியலறைக் கண்ணாடியின் ஆவியில். பிறகு கல்லூரி, கோட்பாடு, ஆய்வு. ஓவியம் என்பது எனக்கு எழுத வேண்டிய பொருளாகிவிட்டது. ஒரு படத்தைப் பார்த்தால் சொற்கள் வரும், கை வராது. பத்து ஆண்டுகள் அப்படிப் போயின.

அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா இறந்த பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஆய்வேடு ஆய்வேடுன்னு உன் மூஞ்சியே அடிக்குறிப்பு மாதிரி சின்னதாயிடுச்சு. ஆறு நாள் ஓவிய முகாம். பேர் குடுத்தாச்சு. கிளம்பு."

"எனக்கு வரைய மறந்துபோச்சுக்கா."

"எனக்கு வரையவே தெரியாது. நானே வரேன். உனக்கென்ன?"

முகாம் நடந்த இடம் ஒரு காலத்தில் தையல் தொழிற்கூடமாக இருந்தது. இயந்திரங்களை எடுத்துவிட்டுச் சுவர்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். நடத்துபவர் நாற்பது வயதுப் பெண்மணி. நாங்கள் 'டீச்சர்' என்று அழைத்தோம். வரைய வந்தவர்கள் ஆறு பேர்: நான், அக்கா, லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர், பேக்கரி நடத்தும் கணவன் மனைவி.

டீச்சரின் முறை கறாரானது. கூடத்தின் நடுவே ஒரு ஸ்டூல். அதில் வெள்ளைத் துணி போர்த்திய மாடல் பெண். அவளைச் சுற்றி வட்டமாக, கான்வாஸ் மாட்டிய ஆறு ஸ்டாண்டுகள். ஸ்டூலின் கால்களையும் ஸ்டாண்டுகளின் கால்களையும் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டார். ஆறு நாளும் அதே இடம், அதே கோணம், அதே கான்வாஸ். மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. அடுத்தவர் கான்வாஸை எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசி நாள் வரை டீச்சரும் பார்க்கமாட்டார்.

"தெரிஞ்சதை வரையாதீங்க. பாக்குறதை வரையுங்க," என்றார். "மூக்குன்னு நினைக்காதீங்க, கழுத்துன்னு நினைக்காதீங்க. கண்ணைப் பாதி மூடுங்க. விவரமெல்லாம் போயிடும். வெறும் இருட்டும் வெளிச்சமும் நிறமும்தான் மிஞ்சும். அதை மட்டும் வையுங்க."

ஓவியம் பயின்றவர்களுக்கு இது தெரிந்த பயிற்சிதான். இமைகளைச் சுருக்கினால் பொருள்கள் மறைந்து வடிவங்கள் தெரியும். எல்லாரும் கண்ணைச் சுருக்கினோம்.

பேக்கரிக்காரரின் மனைவி சிரித்தார். "வீட்ல என்னை நிமிந்து பாக்காத மனுஷன். இங்க வந்து மூணு மணி நேரம் இன்னொருத்தியப் பாக்குறார். அதுவும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு."

"உன்னைச் சுருக்காமலே பாத்துத்தான் இந்தக் கதி," என்றார் அவர்.

எனக்கு வாய்த்த இடம் மாடலின் நேர் பின்னால். முகம் தெரியாது. முதுகும் பிடரியும் தூக்கிக் கட்டிய கூந்தலும் மட்டுமே.

முதல் நாள், 3.20. கண்ணைச் சுருக்கினேன். மாடலுக்கும் எனக்கும் நடுவே, சற்று வலப்புறமாக, செங்குத்தாக ஒரு கரிய வடிவம். நிழல் என்று எண்ணி, அடர் நீலத்தில் கொஞ்சம் காவி கலந்து அதை வைத்தேன். பிறகு கண்ணை முழுக்கத் திறந்து பார்த்தேன்.

அங்கே வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

தூரிகை பத்து ஆண்டுகளாகத் தொடாத கை. தவறு செய்யத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், மாடலின் பிடரியில் விழுந்த சாம்பல் நிறத்தைக் கலந்தேன். மூன்றாவது முறையில் அது சரியாக வந்தது. தட்டில் இருந்த நிறமும் அங்கே இருந்த நிறமும் ஒன்றாயின. நான் இழந்தது திரும்பி வந்துவிட்டது. எந்தச் சொல்லும் இல்லாமல் ஒன்றைப் பார்க்க முடிகிற அந்தச் சுகம். அதற்காக எதையும் கொடுக்கலாம் என்று அன்று தோன்றியது. இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஏனென்றால் பிறகு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அன்று அந்தக் கரிய வடிவம் ஓர் அடி நெருங்கியிருந்தது. முந்தைய நாள் வைத்ததை அழித்து, புதிய இடத்தில் வைத்தேன்.

இடைவேளையில் மாடல் பெண் பிடரியைத் தேய்த்தபடி வந்தாள்.

"பின்னால யாராவது ஃபேன் போட்டீங்களா? கழுத்துல காத்து பட்டுக்கிட்டே இருக்கு."

"இல்லையே," என்றேன்.

"சூடான காத்து," என்றாள்.

மூன்றாம் நாள் அவள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். ஸ்டூலைச் சுவரோரம் போட முடியுமா என்று கேட்டாள். குறித்த இடம் மாறக்கூடாது என்றார் டீச்சர். 4.05-க்கு அவள் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. வெயில் என்றார்கள். துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். 4.38-க்கு ஸ்டூலோடு முன்னால் போய் விழுந்தாள். விழுந்த வேகத்தில் முன்பல் ஒன்று உடைந்து தரையில் தெறித்தது. அக்கா ஓடிப்போய், பழகிய கைகளால் அவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

மாடல் பெண் அக்காவின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாள்.

"எதுக்குங்க தள்ளினீங்க?"

என் ஸ்டாண்டு அவளிடமிருந்து எட்டு அடி தள்ளி இருந்தது. என் ஒரு கையில் தூரிகை, மறுகையில் தட்டு. அதை எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். செருப்பை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை.

அன்றே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பலாமா என்று அக்காவும் கேட்டாள். நான்தான் மறுத்தேன். பிடரி பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது.

"இன்னும் மூணு நாள்தானேக்கா."

"சரி, உன் படம் கெட வேணாம். நாளைக்கு நானே உக்காரேன். தினம் மத்தவங்களை வாயைத் திறங்க, ஆடாம இருங்கன்னு சொல்றேன். ஒருநாள் நானும் வாயை மூடிக்கிட்டு ஆடாம இருந்து பாக்குறேன்."

எனக்காகத்தான் அவள் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள், 2.00. அக்கா வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் ஸ்டாண்டு காலியாக நின்றது. சுற்றி நாங்கள் ஐந்து பேர். அவளுக்கு நேர் முன்னால் பேக்கரிக்காரரின் மனைவி.

2.40. கண்ணைச் சுருக்கினேன். வடிவம் இருந்தது. ஸ்டூலை ஒட்டி நின்றது.

நிழல்தான் என்று சொல்லிக்கொண்டேன். நிழல் என்றால் கண்ணைத் திறந்தாலும் தெரியவேண்டும் அல்லவா? அதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் பார்ப்பதுதானே பயிற்சி.

3.30. இடைவேளை. அக்கா தண்ணீர் குடித்தாள்.

"காத்து படுதாக்கா?"

"படுது. யாரோ பின்னால நின்னு எட்டிப் பாக்குற மாதிரி. பேஷன்டோட புருஷன்மாரு நிப்பாங்கல்ல, அப்படி." சிரித்தாள்.

3.45. வேறு மாடலுக்குத் தொலைபேசியில் பேச டீச்சர் அலுவலக அறைக்குப் போனார். கதவு மூடிய சத்தம் கேட்டது.

4.00. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மீண்டும் கண்ணைச் சுருக்கினேன். கரிய வடிவத்துக்கு இப்போது தோள்கள் இருந்தன. இரண்டு கிளைகள் அதிலிருந்து நீண்டு, பிடரியின் சாம்பல் நிறத்தை இருபக்கமும் மறைத்தன. அந்த விளிம்பு அற்புதமாக இருந்தது. வைத்தேன்.

ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு சத்தம்...

4.04. வெள்ளைத் துணியின் வலது ஓரத்தில் ஒரு சிவப்பு. முதலில் நகம் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. அது வளர்ந்தது. அந்தச் சிவப்பு என்னிடம் இல்லை. கருஞ்சிவப்பில் துளி பழுப்பு சேர்த்தேன். கறுத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி கலந்தேன். இம்முறை வந்தது. அப்படியே வந்தது. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு நிறத்தை நான் கலந்ததில்லை.

மகிழ்ச்சியாக இருந்தேன். இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

4.09. டக். டக். டக்.

அக்காவின் குதிகால் ஸ்டூலின் காலில் அடித்துக்கொண்டிருந்தது. வடிவம் குலைந்தது. எனக்கு எரிச்சல்.

"அக்கா, ஆடாதே," என்றேன்.

டக். டக். டக். டக்.

"ஆடாதேங்கறேன்ல!"

டக்... டக்...

டக்.

நின்றுவிட்டது.

4.11. நான் கண்ணை முழுக்கத் திறந்தேன்.

அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஸ்டூலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில், கழுத்தைப் பிடித்துத் தூக்கியதுபோல், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பத்து விரல்களும் தன் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வழிந்த இரத்தத்தில் துணி இடுப்புவரை நனைந்திருந்தது.

சுற்றிப் பார்த்தேன்.

நான்கு பேரும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

கண்கள் பாதி மூடியிருந்தன. தூரிகைகள் கான்வாஸில் உரசும் சத்தம். சர்ர்... சர்ர்... பேக்கரிக்காரரின் மனைவி அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். தட்டில் குனிந்து நிறத்தைக் கலந்தார். மறுபடி பார்த்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

ஓடினேன். அக்காவுக்கு இரண்டடி முன்பே எதன்மீதோ மோதினேன். காற்றில்தான் மோதினேன். ஆனால் அது ஈரமாக இருந்தது. கனமாக இருந்தது. சூடாக மூச்சு விட்டது.

கண்ணைச் சுருக்கினேன்.

முதுகு. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வியர்வையில் ஒட்டிய சட்டை. பிடரியில் மடிந்த தடித்த சதை. அவன் கைகள் அக்காவின் கழுத்தில்.

கரிப் பென்சில் சீவும் கட்டர் கத்தி என் மேலங்கிப் பையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

ஒருமுறை குத்தினேன். உள்ளே போனது.

இரண்டாவது முறை. எலும்பில் பட்டுத் திரும்பியது.

அவன் கத்தவில்லை. திரும்பவும் இல்லை.

மூன்றாவது முறை, முழு பலத்தோடு...

அங்கே அவன் இல்லை.

கத்தி அக்காவின் தோளில் இறங்கியது.

அவள் விழுந்தாள். நான்கு தூரிகைகளும் ஒரே நேரத்தில் நின்றன. நான்கு பேரும் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள்போல் கண்ணைத் திறந்தார்கள். அவர்கள் கண்டது இரத்தத்தில் கிடந்த என் அக்காவை. அவள்மேல் கத்தியோடு குனிந்திருந்த என்னை.

"அடிப்பாவி! கூடப் பிறந்தவளையா!" என்று அலறினார் பேக்கரிக்காரரின் மனைவி.

லிப்ட் மெக்கானிக் பாய்ந்து வந்து என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். என் வலது மணிக்கட்டு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். காய்ந்த குச்சியை ஒடிப்பதுபோல் இருந்தது. முகத்தைத் தரையில் அழுத்தினார். ஆடிட்டர் என் விரல்களை மிதித்துக் கத்தியை எடுத்தார்.

"அவ மூச்சு விடுறாளா?" இதை மட்டுமே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "யாராவது பாருங்க, மூச்சு விடுறாளா?"

பேக்கரிக்காரர்தான் குனிந்து பார்த்தார்.

"விடுறாங்க," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அக்கா பிழைத்தாள். குரல் வரப் பதினாறு நாள் ஆனது. அதற்கு முன்பே, மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும், காவலர் நீட்டிய தாளில் கோணல்மாணலாக எழுதினாள்: *இவள் இல்லை.*

அவள் கழுத்தில் பத்து விரல்களின் தடங்கள் கறுத்திருந்தன. கட்டைவிரல்கள் பிடரியில், மற்றவை முன்னால். கூடத்தில் இருந்த எங்கள் ஐவரின் கைகளையும் தாளில் வைத்து ஓரம் வரைந்து எடுத்துப்போனார்கள். என்னுடைய முறிந்த கையைக்கூட. மெக்கானிக்கின் கைதான் எல்லாவற்றிலும் பெரியது. தடத்தைவிட அதுவும் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. வழக்கு அத்தோடு நின்றுபோனது. யாரைப் பார்த்தீர்கள் என்று நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். யாரையும் பார்க்கவில்லை என்று நான்கு பேரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

"நான் 'ஆடாதே'ன்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சாக்கா?" குரல் வந்த அன்று அவளிடம் கேட்டேன்.

"கேட்டுச்சு."

"கோவமா?"

"நீதானே வந்த." தண்ணீர் கொடுக்கும்படி சைகை காட்டினாள். "மத்தவங்க யாரும் வரலையே."

தண்ணீர்க் குவளையை எடுத்து அவள் உதட்டில் வைத்தேன்.

சம்பவம் நடந்த முப்பத்து மூன்றாம் நாள், காலை 10.15-க்கு டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். காவலர்கள் மறுபடி வந்து, அன்றைய ஐந்து கான்வாஸ்களையும் எடுத்துக்காட்டச் சொன்னார்களாம். அவர் அதுவரை அவற்றைத் திருப்பியே பார்க்கவில்லை.

"நாலு பேர் படத்துலயும் உங்கக்கா பின்னால ஒரு ஆள் இருக்கான்," என்றார். "நல்லாத் தெளிவா. முகம், மூக்கு, இமை முடி வரைக்கும். அந்த மெக்கானிக்குக்கு ஒரு கை வரையத் தெரியாது. அவர் இப்படி வரைஞ்சிருக்கார்னா நம்பவே முடியல."

"நாலுலயும் ஒரே முகமா?"

"ஒரே முகம்தான். ஆனா..." அவர் மூச்சு வாங்கியது கேட்டது. "நாலு பேரும் நாலு பக்கத்துல உக்காந்திருந்தாங்க இல்லையா? ஒருத்தருக்கு அவன் இடது கன்னம் தெரியணும், ஒருத்தருக்கு வலது கன்னம். அப்படி இல்ல. நாலு படத்துலயும் அவன் வரையறவங்களை நேராப் பாக்குறான். ஒரே நேரத்துல, நாலு பேரையும்."

"என் படத்துல?"

"முதுகு மட்டும்தான். உங்க பக்கம் அவன் திரும்பவே இல்லை."

காவலர்கள் இப்போது எதற்காக வந்தார்கள் என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பேக்கரி ஐந்து நாளாகத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லிக் காவலர்கள் முந்தைய நாள் மதியம் மூன்று மணிக்குக் கதவை உடைத்தார்கள். உள்ளே, ஜன்னல் வெளிச்சத்தில், பேக்கரிக்காரர் ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சரியாமல் இருக்கப் பின்னால் மாவுப் பலகையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். கழுத்தில் பத்து விரல் தடங்கள். இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்டூலின் நான்கு கால்களைச் சுற்றிலும் சாக்பீஸால் குறி.

அவர் மனைவி எதிரே நின்று வரைந்துகொண்டிருந்தார். அறையைச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்த படங்கள் எழுபதுக்கு மேல். மூன்று நாளில் அவர் கணவரின் நிறம் மாறிய விதத்தை, ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக, ஒரு சாயல் பிசகாமல் கலந்து வைத்திருந்தாராம்.

காவலர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "அம்மா" என்று அழைத்தார்.

அவர் கண்ணைச் சுருக்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."